பொழுது ஏற ஏற இழுக்கும் எடிட்டர்: ஒரு நிகழ்வு ஆய்வு

புகாரும் முதல் கவனிப்பும்

இந்த ஆய்வுக்கு உட்பட்டது, லினக்ஸ் கணினியில் டெர்மினலுக்குள், அதாவது கட்டளைகளைத் தட்டும் எழுத்துத் திரைக்குள், ஓடிய விம் என்ற நிரல் எழுதும் எடிட்டர். அதைப் பயன்படுத்தியவர் பல ஆண்டுகளாக விம்மிலேயே நிரல் எழுதிவரும் சக நிரலாளர் என்பதால், தொடக்கநிலைக் குழப்பங்களை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிட முடிந்தது. அவருடைய புகார் சுருக்கமானது: "காலையில திறக்கும்போது நல்லாத்தான் ஓடுது. மத்தியானத்துக்கு மேல ஒவ்வொரு எழுத்துக்கும் காத்துக்கிட்டு உட்கார வேண்டியிருக்கு."

இத்தகைய புகாரைக் கேட்டதும் எந்தக் கோப்பு, எத்தனை வரி என்று கேட்பதுதான் வழக்கம். அந்தக் கேள்வி இங்கே உதவவில்லை. பைத்தான் கோப்பு ஒன்றில் மந்தமாக இருந்தபோது, அதே சாளரத்தில் இருபது வரி மட்டுமே கொண்ட வேறொரு கோப்பைத் திறந்தாலும் மந்தம் கூடவே வந்தது. கோப்பு பெரிதாக இருப்பதுதான் காரணம் என்றால் சிறிய கோப்பில் அது மறைந்திருக்க வேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது இன்னும் இரண்டு செய்திகள் தென்பட்டன. விசைகள் எழுத்துகளாக விழாமல் கட்டளைகளாக இயங்கும் நார்மல் மோடில், கீழே செல்லும் விசையை அழுத்திப் பிடித்துவிட்டு விரலை எடுத்த பிறகும், கர்சர் பல வரிகள் தானாக ஓடிக்கொண்டிருந்தது. விசைப்பலகை விநாடிக்கு 30 முறை அந்த விசையைத் திரும்ப அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றுக்கும் எடிட்டருக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறக்குறைய 33 மில்லிவிநாடி. அதற்குள் ஒரு அசைவை முடிக்க இயலாதபோது விசைகள் வரிசையில் தேங்கி, விரல் நின்ற பிறகு ஒவ்வொன்றாகச் செலவாகின்றன. ஆகவே ஒரு வரி நகர்வதற்கே எடிட்டர் 33 மில்லிவிநாடிக்கு மேல் எடுக்கிறது என்பது கருவி எதுவும் இல்லாமலே தெரிந்துவிட்டது. இரண்டாவது செய்தி இதைவிட முக்கியமானது. எல்லா விசைகளும் ஒரே அளவுக்குத் தாமதிக்கவில்லை. உரையைத் தட்டும் இன்சர்ட் மோடில் எழுத்துகள் சற்றுத் திக்கித்தான் விழுந்தன என்றாலும், எழுதி முடித்து அதிலிருந்து வெளியேற எஸ்கேப் விசையை அழுத்தியதும் திரை கண்ணுக்குத் தெரியும்படி உறைந்து நின்று, பிறகு மீண்டது.

எஸ்கேப் மீது விழுந்த சந்தேகம்

எஸ்கேப் தாமதிக்கிறது என்றவுடன் டெர்மினலைக் கைகாட்டுவது விம் பயனர்களின் பழக்கம். அதற்கு நியாயமும் உண்டு. அம்புக்குறி போன்ற விசைகளை டெர்மினல் பல பைட்டுகளாக அனுப்புகிறது. அவற்றின் முதல் பைட்டும் எஸ்கேப் விசையின் பைட்டும் ஒன்றே, அதாவது 27. எனவே அந்த பைட் வந்ததும், பின்னால் வேறு ஏதாவது வருகிறதா என்று எடிட்டர் சற்றே காத்திருக்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு நேரம் என்பதை விம்மில் டிடைம்அவுட்லென் என்ற அமைப்பு தீர்மானிக்கிறது; அதற்கு மதிப்பு தரப்படாவிட்டால் 1000 மில்லிவிநாடி இயல்பு மதிப்புள்ள டைம்அவுட்லென் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். இடையில், ஒரே டெர்மினலைப் பல திரைகளாகப் பிரித்துத் தரும் டிமக்ஸ் ஓடினால் அதற்கும் தனியாக ஒரு காத்திருப்பு உண்டு. நீண்ட காலம் அது 500 மில்லிவிநாடியாக இருந்தது.

ஆனால் இந்தக் காத்திருப்பு ஒரு நிலையான அளவு. எடிட்டர் திறந்த முதல் நிமிடத்திலும் மாலையிலும் அது ஒரே அளவாகத்தான் இருக்கும். இங்கே காலையில் எஸ்கேப் உடனடியாக வேலை செய்தது, நேரம் செல்லச் செல்லத்தான் உறைதல் நீண்டது. வளர்ந்துகொண்டே போகும் தாமதத்துக்கு நிலையான எண் ஒன்று காரணமாக இருக்க முடியாது. விம்மின் அமைப்புகளை எழுதிவைக்கும் அமைப்புக் கோப்பிலும் அந்த மதிப்பு ஏற்கெனவே சிறிய எண்ணாகவே இருந்தது.

பாதி பாதியாக நீக்கிப் பார்த்ததன் விளைவு

என்னிடம் வருவதற்கு முன்பே அந்த நண்பர் எல்லோரும் பரிந்துரைக்கும் முறையைச் செய்து பார்த்திருந்தார். எடிட்டருக்குக் கூடுதல் வசதிகளைத் தரும் பிளகின்களில் ஒரு பாதியை நிறுத்திவிட்டு எடிட்டரைத் திறப்பது. சரியாகிவிட்டால் நிறுத்திய பாதியில் குற்றவாளி இருப்பதாகக் கொண்டு, அந்தப் பாதியை மீண்டும் இரண்டாகப் பிரிப்பது. கோளாறு எப்போதும் வெளிப்பட்டுக்கொண்டே இருந்தால் இதைப் போல விரைவான முறை வேறில்லை. 32 பிளகின்கள் இருந்தாலும் 5 முறை பிரித்தால் ஒன்றே ஒன்று மிஞ்சும்.

இந்த நிகழ்வில் அந்த முறை தவறான விடையை, அதுவும் மிக உறுதியான தொனியில் தந்தது. ஒவ்வொரு முறையும் எடிட்டரை மூடித் திறக்க வேண்டியிருந்தது. மூடித் திறந்தாலே மந்தம் போய்விடும். போய்விட்டதால் நிறுத்திய பாதிதான் காரணம் என்ற முடிவு கிடைக்கும். மருத்துவமனை வாசலை மிதித்ததும் நின்றுவிடும் பல்வலியைப் போல, சோதிக்கும் செயலே கோளாறை மறைத்துவிட்டது. எந்தப் பாதியை நிறுத்தியிருந்தாலும் அந்தப் பாதியே குற்றவாளியாகத் தெரிந்திருக்கும். கடைசியில், நிரலைப் படித்துப் பிழைகளையும் பரிந்துரைகளையும் தரும் லேங்குவேஜ் சர்வருடன் பேசும் பிளகின் மாட்டிக்கொண்டது. அதை நீக்கிவிட்டு வேலை செய்தபோதும் பிற்பகலில் அதே இழுப்பு திரும்பி வந்தது.

அமைப்புக் கோப்பு எதுவும் இல்லாமல் விம்மைத் திறந்து பார்ப்பதிலும் இதே பொறி உண்டு. வெறும் விம் வேகமாக இருக்கிறது என்று அந்தச் சோதனை சொல்லும். நம்முடைய அமைப்புக் கோப்போடு புதிதாகத் திறந்த விம்மும் அதே வேகத்தில்தான் இருக்கிறது என்பதை ஒப்பிட்டுப் பார்க்காதவரை அந்த விடைக்குப் பொருளில்லை. வி.எஸ். கோட் என்ற மற்றொரு எடிட்டரில் நீட்டிப்புகளைப் பாதி பாதியாக நிறுத்திப் பார்க்கும் வசதி எடிட்டருக்குள்ளேயே இருக்கிறது. அதுவும் ஒவ்வொரு படியிலும் சாளரத்தை மறுபடி ஏற்றுவதால், நேரத்தோடு வளரும் கோளாறு அங்கேயும் நழுவிவிடும்.

இதன் பிறகு ஒரு நிபந்தனையை வைத்துக்கொண்டு தொடர்ந்தோம்: மந்தமான எடிட்டரை மூடக் கூடாது. இனி செய்யும் சோதனைகள் அனைத்தும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த எடிட்டருக்குள்ளேயே நடக்க வேண்டும்.

அளவிகள் காட்டியதும் காட்டாததும்

லேங்குவேஜ் சர்வர் மீதான சந்தேகம் எளிதாகத் தீர்ந்தது. அது தனியொரு செயல்முறையாக ஓடுவது. எந்தச் செயல்முறை செயலியை எவ்வளவு பயன்படுத்துகிறது என்று காட்டும் டாப் கட்டளையை வேறொரு டெர்மினலில் ஓடவிட்டு, எடிட்டரில் கர்சரை நகர்த்திக்கொண்டே இருந்தபோது, சர்வர் ஏறக்குறைய சும்மா கிடந்தது. விம் ஒரு முழு செயலி மையத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. விம்மில் விசையை வாங்குவது, ஸ்கிரிப்டை இயக்குவது, திரையை வரைவது ஆகிய மூன்றும் ஒரே இழையில் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பவை. எனவே இந்த மூன்றில் எது நேரத்தைத் தின்கிறது என்பதே அடுத்த கேள்வி.

ஸ்கிரிப்டை அளப்பதற்கு விம்மிலேயே புரொஃபைல் என்ற கட்டளை இருக்கிறது. எடிட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் தொடங்கி, எல்லா ஃபங்ஷன்களையும் அளக்கச் சொல்லலாம். அறிக்கையில் ஒரு பெயர் மட்டும் தலைதூக்கி நின்றது. சாளரத்தின் அடியில் இருக்கும் ஸ்டேட்டஸ் லைனில், நிரலின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் கருவியின் நடப்புக் கிளையின் பெயரைக் காட்டுவதற்காக நண்பர் எழுதியிருந்த சிறிய ஃபங்ஷன் அது. ஸ்டேட்டஸ் லைன் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அது ஒரு ஷெல்லைத் திறந்து, கிட்டை இயக்கி, விடையை வாங்கி வந்தது. கர்சர் அசைந்தாலே வரி எண்ணைக் காட்ட ஸ்டேட்டஸ் லைன் புதுப்பிக்கப்படும் என்பதால், கர்சரின் ஒவ்வொரு அசைவும் ஒரு புதிய செயல்முறையைப் பெற்றெடுத்தது. செய்யக் கூடாத காரியம் என்பதில் ஐயமில்லை. கிளையின் பெயரைக் கோப்பைத் திறக்கும்போதும் சேமிக்கும்போதும் மட்டும் கேட்டு வாங்கி, பஃபருக்குரிய (அதாவது நினைவகத்தில் திறந்திருக்கும் கோப்புக்குரிய) மாறியில் வைத்துக்கொண்டு, ஸ்டேட்டஸ் லைன் அந்த மாறியைப் படிக்கும்படி ஓடும் எடிட்டரிலேயே மாற்றினோம். கர்சர் கொஞ்சம் இலகுவானது. எஸ்கேப் அழுத்தும்போது வந்த உறைதல் இம்மியும் குறையவில்லை.

இந்த இடத்தில் நிறைய விசாரணைகள் முடிந்துவிடுகின்றன. அளவி ஒரு குற்றவாளியைக் காட்டியது, திருத்தியதும் முன்னேற்றம் தெரிந்தது, வேறென்ன வேண்டும்? ஆனால் அந்த ஃபங்ஷனின் செலவு காலையிலும் மாலையிலும் ஒன்றுதான். நேரத்தோடு வளர்வதற்கான இயல்பு எதுவும் அதற்குள் இல்லை.

அடுத்து சின்டைம் என்ற விம் கட்டளை. நிரலின் சொற்களுக்கு வண்ணமிடும் ஒவ்வொரு ரெஜெக்ஸ் வடிவமும் (எத்தகைய எழுத்துத் தொடரைத் தேட வேண்டும் என்று விவரிக்கும் குறியீடு) எத்தனை முறை இயங்கியது, மொத்தம் எவ்வளவு நேரம் எடுத்தது என்று இது பட்டியலிடும். ரெஜெக்ஸ் இயந்திரத்தால் வரும் மந்தம் விம்மில் அறியப்பட்ட ஒன்றுதான். 2013இல் வந்த 7.4 பதிப்பில் புதிய இயந்திரம் சேர்க்கப்பட்ட பிறகு, சில மொழிகளின் வண்ணக் கோப்புகள் பழைய இயந்திரத்திலும் வேறு சில புதியதிலும் விரைவாக ஓடின. ரெஜெக்ஸ்பிஎஞ்சின் என்ற அமைப்பை மாற்றியே பலர் நிம்மதி அடைந்திருக்கிறார்கள். இங்கே சின்டைம் அறிக்கை சுத்தமாக இருந்தது. எல்லா வடிவங்களின் நேரத்தையும் கூட்டினாலும் எஸ்கேப் உறைதலின் சிறு பங்குகூட வரவில்லை.

இரண்டு அளவிகளும் கையை விரித்துவிட்டன. ஆனால் அவை எதை அளக்கின்றன என்று யோசித்தால், அந்த விடையே ஒரு தடயம். புரொஃபைல் அளப்பது ஸ்கிரிப்டில் எழுதப்பட்ட ஃபங்ஷன்களை. சின்டைம் அளப்பது மொழிக்குரிய வண்ண வடிவங்களை. விம்மின் உள்ளே சி மொழியில் எழுதப்பட்டிருக்கும் திரை வரையும் பகுதியில், வண்ண வடிவங்கள் அல்லாத வேறொன்றுக்காகச் செலவாகும் நேரம் இரண்டின் கணக்கிலும் ஏறாது.

எனவே திரை வரைதலை நேரடியாக அளந்தோம். விம்மின் ரெல்டைம் ஃபங்ஷனால் தற்போதைய நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஆச்சரியக்குறியோடு கூடிய ரீட்ரா கட்டளையால் முழுத் திரையையும் மறுபடி வரையச் செய்து, கழிந்த நேரத்தை அச்சிடுவது. மூன்று கட்டளைகளையும் ஒரே வரியில் எழுதிவிடலாம். புதிதாகத் திறந்த விம்மில் இந்த எண் சில மில்லிவிநாடிகளைத் தாண்டவில்லை. மந்தமான விம்மில் ஏறக்குறைய ஒரு விநாடியைத் தொட்டது. விசையும் இல்லை, ஸ்கிரிப்டும் இல்லை. சும்மா ஒரு முறை திரையை வரைவதற்கு ஒரு விநாடி.

நிரலின் எந்தப் பகுதியில் நேரம் செலவாகிறது என்று காட்டும் லினக்ஸின் பெர்ஃப் கருவியை அந்தச் செயல்முறையோடு இணைத்துப் பார்த்ததும் இதையே உறுதிசெய்தது. நேரத்தின் பெரும்பகுதி ரெஜெக்ஸ் இயந்திரத்துக்குள் செலவாகிக்கொண்டிருந்தது. அதை அழைத்தது வண்ணமிடும் பகுதி அல்ல, திரையில் பொருத்தங்களைத் தேடித் துலக்கிக் காட்டும் பகுதி.

ஒரே கோப்பு, இரண்டு சாளரங்கள்

அந்த நிலையில் செய்த மிக எளிய சோதனைதான் வழியைத் திறந்தது. மந்தமான சாளரத்தைக் கிடைமட்டமாகப் பிளந்து, அதே கோப்பை இரண்டு சாளரங்களில் வைத்தோம். பழைய சாளரத்தில் கர்சரை ஓடவிட்டால் இழுத்தது. புதிய சாளரத்துக்குப் போய் அதே வரிகளில் ஓடவிட்டால் வழுக்கிக்கொண்டு ஓடியது. கோப்பு ஒன்று, பஃபர் ஒன்று, மொழி ஒன்று, பிளகின்கள் ஒன்று. வேறுபட்டது சாளரம் மட்டும். சோதனையில் எழுத்துகளைத் தட்டாமல் கர்சரை மட்டும் நகர்த்தியதற்குக் காரணம் உண்டு. ஒரு சாளரத்தில் எழுத்தை மாற்றினால், அந்த வரி மற்றச் சாளரத்திலும் தெரியும்போது அங்கேயும் வரையப்பட வேண்டும். பழைய சாளரத்தின் செலவு புதியதன் கணக்கில் ஏறிவிடும்.

விம்மில் சாளரத்தோடு ஒட்டிக்கொண்டு வாழ்பவை அதிகமில்லை. சாளரத்துக்குரிய அமைப்புகள், வரிகளைச் சுருக்கி மறைக்கும் மடிப்புகள், தாவல் பட்டியல், அதன் பிறகு மேட்ச்ஆட் என்ற ஃபங்ஷன் சேர்க்கும் பொருத்தங்கள். கொடுக்கப்பட்ட ரெஜெக்ஸ் வடிவம் எங்கெல்லாம் பொருந்துகிறதோ அங்கெல்லாம் குறிப்பிட்ட நிறத்தில் துலக்கிக் காட்டும்படி சாளரத்துக்குச் சொல்லிவைப்பதே மேட்ச்ஆட்டின் வேலை. சாளரத்துக்குள் வேறு கோப்பைத் திறந்தாலும் அவை அங்கேயே இருக்கும். சாளரத்தைப் பிளந்தால் புதியதற்கு அவை போவதில்லை. கோப்பை மாற்றியும் மந்தம் தொடர்ந்ததற்கும், பிளந்ததும் அது மறைந்ததற்கும் இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை.

கெட்மேட்சஸ் என்ற ஃபங்ஷன் நடப்புச் சாளரத்தின் பொருத்தங்களைப் பட்டியலாகத் தரும். மந்தமான சாளரத்தில் அதை அழைத்ததும் திரை நிரம்பி வழிந்து, கீழே தொடரவா என்று கேட்டது. ஒவ்வொரு பதிவிலும் நான்கு விவரங்கள்: நிறக் குழுவின் பெயர், வடிவம், முன்னுரிமை, அடையாள எண். குழு எல்லாவற்றிலும் ஒன்றே. வடிவம் எல்லாவற்றிலும் ஒன்றே. வரியின் இறுதியில் தேவையின்றி நிற்கும் இடைவெளிகளைப் பிடிக்கும் வடிவம் அது. முன்னுரிமை எல்லாவற்றிலும் 10. அடையாள எண் மட்டும் 1000, 1001, 1002 என்று ஏறிக்கொண்டே போனது. பட்டியலின் நீளத்தைக் கேட்டபோது வந்த விடை சில ஆயிரம்.

திரையில் ஒரு வரியை வரையும்போது, சாளரத்தின் பொருத்தங்கள் ஒவ்வொன்றையும் அந்த வரியில் தேடிப் பார்க்கிறது விம். இரண்டு பதிவுகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றன என்பதை அது பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியல்ல, ஏனெனில் இரண்டின் அடையாள எண்களும் வேறு, இரண்டையும் தனித்தனியே நீக்கும் உரிமை சேர்த்தவருக்கு உண்டு. திரையில் 50 வரிகள் தெரிகின்றன, பொருத்தங்கள் 3000 என்று வைத்துக்கொண்டால், முழுத் திரையை ஒரு முறை வரைய 1,50,000 தேடல்கள் தேவை. கர்சர் இருக்கும் வரியைத் துலக்கிக் காட்டும் கர்சர்லைன் அமைப்பும் நண்பரிடம் இயங்கியதால், கர்சர் ஒரு வரி நகர்ந்தாலும் பழைய வரி, புதிய வரி ஆகிய இரண்டும் மறுபடி வரையப்பட்டன. அதற்கே 6000 தேடல்கள். கர்சர் திக்கியதற்கும் எஸ்கேப் உறைந்ததற்கும் இடையிலிருந்த விகிதம் இந்தக் கணக்கோடு ஒத்துப்போனது.

உறுதிசெய்ய ஒரே கட்டளை போதுமானதாக இருந்தது. அந்தச் சாளரத்தின் பொருத்தங்கள் அனைத்தையும் அழிக்கும் கிளியர்மேட்சஸ் ஃபங்ஷனை அழைத்தோம். எடிட்டரை மூடவில்லை, பிளகின் எதையும் தொடவில்லை. அடுத்த எஸ்கேப் உடனே விழுந்தது.

எப்படிக் குவிந்தது

அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி. இன்சர்ட் மோடை விட்டு வெளியேறும்போதெல்லாம், அதாவது இன்சர்ட்லீவ் நிகழ்வின்போது, மேட்ச்ஆட்டை அழைத்து வரி இறுதி இடைவெளிகளைச் சிவப்பில் காட்டச் சொல்லும் ஆட்டோகமாண்ட் (ஒரு நிகழ்வு நடந்ததும் தானாக இயங்கும் கட்டளை) அது. பலரும் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்து ஒட்டிக்கொள்ளும் வகையைச் சேர்ந்த வரி. படிக்கும்போது தவறு எதுவும் கண்ணில் படாது. எஸ்கேப் அழுத்தும் ஒவ்வொரு முறையும் அது ஒரு புதிய பொருத்தத்தைச் சேர்த்தது. புதிய பொருத்தம் சேர்ந்ததும் சாளரம் முழுவதையும் மறுபடி வரைய வேண்டியிருப்பதால், எல்லா விசைகளிலும் எஸ்கேப் மட்டும் மிக மோசமாகத் தவித்தது.

ஆனால் இந்த வரி அங்கே பல ஆண்டுகளாக இருக்கிறது. கோளாறோ அண்மையில் தொடங்கியது. ஒரு நாளில் சில நூறு முறை எஸ்கேப் அழுத்தினால் சில நூறு பொருத்தங்கள் சேரும். அது திரை வரைதலைச் சற்றுப் பாதித்திருக்கும், ஆனால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆயிரக்கணக்கில் ஏறியதற்கு வேறொரு துணை தேவைப்பட்டது.

இன்சர்ட்லீவ் நிகழ்வுக்குப் பதிவாகியிருக்கும் ஆட்டோகமாண்டுகளைப் பட்டியலிடச் சொன்னபோது அந்தத் துணை வெளிப்பட்டது. ஒரே வரி 16 முறை இருந்தது. சில வாரங்களுக்கு முன் நண்பர் அமைப்புக் கோப்பில் மற்றொரு வரியைச் சேர்த்திருக்கிறார்: அமைப்புக் கோப்பைச் சேமித்தவுடன் அதைத் தானாகவே மறுபடி ஏற்றும் ஆட்டோகமாண்ட். நிறங்களைத் திருத்திக்கொண்டிருந்த நேரத்தில் ஒவ்வொரு முறையும் கையால் ஏற்றுவது சலிப்பாக இருந்ததால் சேர்த்தது. விம்மில் ஆட்டோகமாண்டைப் பதிவுசெய்யும் வரியை இரண்டு முறை இயக்கினால் அது இரண்டு முறை பதிவாகும். பழையதை அழித்துவிட்டுப் பதியும்படி வெளிப்படையாகச் சொன்னால்தான் ஒன்றாக நிற்கும்.

இதில் மறைந்திருந்த பெருக்கல் சுவையானது. மறுபடி ஏற்றச் சொல்லும் ஆட்டோகமாண்டும் அதே கோப்பில்தான் இருக்கிறது. எனவே முதல் முறை சேமிக்கும்போது கோப்பு ஒரு முறை ஏற்றப்படுகிறது. அந்த ஏற்றத்தில் ஏற்றும் கட்டளையே மறுபடி பதிவாகி இரண்டாகிறது. இரண்டாவது முறை சேமிக்கும்போது இரண்டும் இயங்கி நான்காகிறது. மூன்றாவது முறை 8, நான்காவது முறை 16. இன்சர்ட்லீவ் ஆட்டோகமாண்டும் இதே வேகத்தில் பெருகியது. 16 பதிவுகள் இருக்கும் நிலையில் ஒவ்வொரு எஸ்கேப்பும் 16 பொருத்தங்களைச் சேர்க்கும். 200 முறை அழுத்தினால் 3200. அமைப்புக் கோப்பைத் தொடாத நாள்களில் எடிட்டர் நன்றாக இருந்ததும், தொட்ட நாள்களில் மட்டும் பிற்பகலில் இழுத்ததும் இதனால்தான். அந்த நாள் வேறுபாட்டை நண்பர் கவனித்திருந்தார், ஆனால் அன்றைக்குத் திறந்த திட்டத்தோடு அதைத் தொடர்புபடுத்தியிருந்தார்.

திருத்தம்

அவசரத்துக்குச் செய்த கிளியர்மேட்சஸை நிலையான தீர்வாக வைத்துக்கொள்ள நான் ஒப்பவில்லை. அது சாளரத்திலுள்ள எல்லாப் பொருத்தங்களையும், பிற பிளகின்கள் தம் தேவைக்குச் சேர்த்தவற்றையும் சேர்த்தே அழித்துவிடும். நாம் சேர்த்ததை நாமே கணக்கு வைத்து நீக்குவதே முறை.

முதலில், ஆட்டோகமாண்டுகள் அனைத்தும் பெயரிட்ட ஒரு குழுவுக்குள் வைக்கப்பட்டன. விம் இதை ஆக்குரூப் என்கிறது. குழுவின் முதல் வரியாக, ஆச்சரியக்குறியோடு கூடிய ஆட்டோகமாண்ட் கட்டளை அந்தக் குழுவிலுள்ள பழைய பதிவுகளை அழிக்கிறது. இனி கோப்பை எத்தனை முறை ஏற்றினாலும் ஒவ்வொரு பதிவும் ஒன்றுதான். அடுத்து, மேட்ச்ஆட் திருப்பித் தரும் அடையாள எண்ணைச் சாளரத்துக்குரிய மாறியில் சேமித்து, அந்த மாறி ஏற்கெனவே இருந்தால் மறுபடி சேர்க்காமல் திரும்பும்படி சிறிய ஃபங்ஷன் எழுதப்பட்டது. மாறி சாளரத்துக்குரியதாக இருப்பது இங்கே அவசியம். பஃபருக்குரியதாக வைத்தால் ஒரே கோப்பைக் காட்டும் இரண்டாவது சாளரத்தில் துலக்கம் வராது. துலக்கம் நீக்கப்பட வேண்டிய இடத்தில் அதே எண்ணைக் கொடுத்து மேட்ச்டிலீட்டை அழைத்தால் போதும்.

இதைவிட எளிய வழியும் உண்டு. மேட்ச்ஆட்டுக்குப் பதிலாக மேட்ச் என்ற கட்டளையைப் பயன்படுத்தினால், அது 1 என்ற நிலையான அடையாள எண்ணில் எழுதுவதால் ஒவ்வொரு முறையும் பழையது மாற்றப்படும், குவியாது. ஒரே ஒரு துலக்கம்தான் தேவை என்பவர்களுக்கு அதையே சொல்வேன். நண்பருக்கு இன்னும் சில துலக்கங்கள் தேவைப்பட்டதால் ஃபங்ஷன் வழியைத் தேர்ந்தோம்.

எடிட்டரை முதுமையாக்கிப் பார்த்தல்

திருத்தம் சரிதானா என்பதை அறிய ஒரு பிற்பகல் முழுவதும் காத்திருக்க வேண்டியதில்லை. புதிதாகத் திறந்த எடிட்டரில், டுஆட்டோகமாண்ட் என்ற கட்டளையால் இன்சர்ட்லீவ் நிகழ்வைச் சுழற்சிக்குள் வைத்து 2000 முறை செயற்கையாக எழுப்பி, அதற்கு முன்னும் பின்னும் முழுத் திரை வரைதலின் நேரத்தை அளந்தோம். பழைய அமைப்புக் கோப்பில் இரண்டாவது எண் முதலாவதைப் போலப் பல மடங்காக ஏறியது. புதிய அமைப்பில் இரண்டும் ஒன்றாகவே நின்றன.

இந்தச் சோதனையைக் கொஞ்சம் கவனத்தோடு செய்ய வேண்டும். இன்சர்ட்லீவைக் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லாப் பிளகின்களும் அத்தனை முறை இயங்கும். தானாகச் சேமிக்கும் பிளகின் இருந்தால் கோப்பு அத்தனை முறை எழுதப்படும். வெற்றுக் கோப்பில் செய்வதே நல்லது.

பாதி பாதியாக நீக்கும் முறையை நான் தள்ளிவிடவில்லை. முதலில் எடிட்டரை இப்படிச் செயற்கையாக முதுமையாக்கி, அதன் பிறகு அளந்தால், அதே முறை மிகச் சரியான விடையைத் தருகிறது. பழைய அமைப்புக் கோப்பை வைத்துச் செய்து பார்த்தோம். பிளகின்கள் அனைத்தையும் நிறுத்திய பிறகும் எண் ஏறியதால், காரணம் பிளகின்களில் இல்லை என்பது முதல் படியிலேயே தெரிந்துவிட்டது. அமைப்புக் கோப்பின் வரிகளைப் பிரித்தபோது சில படிகளில் அந்த ஒரு வரி மிஞ்சியது. லேங்குவேஜ் சர்வர் பிளகின் மறுபடி நிறுவப்பட்டது.

விம்மிலிருந்து கிளைத்த நியோவிம்மிலும் இதே ஃபங்ஷன்கள் இருப்பதால் இதே சோதனை அங்கும் பொருந்தும். ஈமாக்ஸ் என்ற எடிட்டரில் இதற்கு இணையான இடத்தில், உரையின் ஒரு பகுதியின் தோற்றத்தை மாற்றிக் காட்டும் ஓவர்லேக்கள் இருக்கின்றன. பஃபரில் அவை ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் எடிட்டர் தவிப்பது அங்கே பழைய குறை. 2023இல் வந்த 29ஆம் பதிப்பில் அவற்றைச் சேமிக்கும் முறையே மர அமைப்புக்கு மாற்றப்பட்டு, அந்தத் தவிப்பு பெரிதும் தணிந்தது.

தீராமல் நிற்பவை

இந்தத் திருத்தத்துக்குப் பிறகும் இரண்டு இடங்களில் நண்பரின் எடிட்டர் மெதுவாகவே இருக்கிறது. முழுத் தரவும் ஒரே வரியில் அடங்கிய ஜேசன் கோப்புகளைத் திறக்கும்போது வண்ணமிடல் திணறுகிறது. எத்தனை நெடுவரிசை வரை வண்ணமிட வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் சின்மேக்ஸ்கால் அமைப்பின் இயல்பு மதிப்பு 3000. அத்தகைய கோப்புகளுக்கு மட்டும் அதை 200 ஆகக் குறைத்ததில் பெருமளவு சரியாகிவிட்டது. மற்றொன்று, வண்ண விதிகளைக் கொண்டு மடிப்புகளைக் கணிக்கும் அமைப்பு. நீண்ட பைத்தான் கோப்பின் நடுவே எழுதும்போது மடிப்புகள் மறுபடி மறுபடி கணிக்கப்படுவதால் எழுத்துகள் சற்றே பிந்துகின்றன. இன்சர்ட் மோடுக்குள் நுழையும்போது மடிப்பு முறையைக் கையால் மடிப்பதற்கு மாற்றி, வெளியேறும்போது திருப்பிவிடும் வழக்கமான தந்திரத்தை அவர் ஏற்கவில்லை. மடிப்புகள் அவ்வப்போது தாமாகத் திறந்துகொள்வது எரிச்சலாக இருக்கிறதாம். அந்தப் பிந்துதல் காலையிலும் மாலையிலும் ஒரே அளவாக இருப்பதால், அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய முடிவு.

எங்கள் குழுவின் பொது அமைப்புக் கோப்பில் ஒரு சிறிய கட்டளை சேர்க்கப்பட்டிருக்கிறது. அழைத்தால் நடப்புச் சாளரத்தின் பொருத்தங்கள் எத்தனை, இன்சர்ட்லீவுக்கும் கர்சர் அசைவுக்கும் பதிவான ஆட்டோகமாண்டுகள் எத்தனை, முழுத் திரை வரைய எத்தனை மில்லிவிநாடி ஆகிறது என்று ஒரே வரியில் அச்சிடும். எடிட்டர் இழுக்கிறது என்று யார் வந்தாலும், மூடுவதற்கு முன் அந்த வரியை நகலெடுத்து அனுப்பச் சொல்கிறோம்.